தெற்குப் பார்த்த வாசல்

சாவி கைக்கு வந்த மூன்றாம் நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வீட்டைக் காட்டினேன். ஈசூனில் ஏழாம் மாடி, நாலறை வீடு. பழைய சொந்தக்காரரின் திரைச்சீலைகள்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த அம்மா, தாழ்வாரத்தில் பத்து எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். கைப்பையை இடுக்கிக்கொண்டு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு எங்கள் கதவைப் பார்த்தார்.

"இது தெற்கு வாசல்தானே?"

"ஆமாம்மா."

அதோடு முடிந்திருந்தால் பேசிச் சமாளித்திருப்பேன். எங்கள் தாழ்வாரம் ஓர் இடத்தில் மடங்கும். மடங்கும் மூலையில் மாடிப்படி. படிக்கு இந்தப் பக்கம் எங்கள் கதவு. அந்தப் பக்கம், சற்றே சாய்வாக, ஒரு சீனக் குடும்பத்தின் கதவு. அந்தக் கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாக ஓர் எண்கோணப் பலகை, நடுவில் வட்டக் கண்ணாடி. நம் தீவில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பாகுவா கண்ணாடி. கெட்டதைத் திருப்பி அனுப்புவதற்காக மாட்டுவது. அது எங்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தது.

அம்மா உள்ளே வந்தார். சமையலறையைப் பார்த்தார். தமக்கென்று ஒதுக்கிய அறையை வாசலில் நின்றே பார்த்தார். நான் நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமலே மேடையில் வைத்தார். "நான் அங் மோ கியோவிலேயே இருந்துக்கறேம்மா. எனக்கு அங்கே பழகிப்போச்சு" என்றார்.

அப்பா போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்ற ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மா, மூன்று மணி நேரம் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அதன் பிறகுதான் நாங்கள் பெரிய வீடு தேடத் தொடங்கினோம். வீடே அவருக்காக வாங்கியதுதான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

கிழக்கு வாசல் வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. கணவரும் நானும் எட்டு மாதம் அலைந்தோம். மறுவிற்பனை வீடு வாங்கிய இந்தியக் குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் புரியும். 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிடித்த வீட்டைப் பார்த்துப் பேசி வைத்திருப்போம். சரிபார்த்தால் அந்த புளோக்கில் இந்தியர் விகிதம் நிறைந்திருக்கும். அப்படிக் கழிந்தவை போக, எங்கள் கையிருப்புக்கு எட்டாதவை போக, அம்மாவின் மருத்துவமனைக்குத் தூரமானவை போக, மிச்சம் இருந்தவற்றில் கிழக்கு வாசல் ஒன்றுகூட இல்லை.

ஆனால் இந்த வீட்டுக்குள் முதன்முதலில் நுழைந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் வியர்க்கவில்லை. வாசல் தெற்கே, சன்னல்கள் வடக்கே. காற்று நேராக ஊடுருவியது. முகவர்கள் விளம்பரத்தில் "வடக்கு-தெற்கு" என்று பெருமையாகப் போடுவது இதைத்தான். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். சூரியன் கிழக்கே செங்குத்தாக ஏறி மேற்கே செங்குத்தாக இறங்குகிறது. கிழக்கு, மேற்குச் சுவர்கள்தான் வேகின்றன. அதனால்தான் வீவக தன் நீண்ட புளோக்குகளைக் கூடியவரை வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி அமைக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் வழிவிடும் வீடு இது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "காத்து வரும் சரி. வேற என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். தெற்கு எமனுடைய திசை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கண்ணாடிக்குச் சொந்தக்காரர்

குடிவந்த இரண்டாம் வாரம் எதிர்வீட்டு ஆண்ட்டியே வந்து பேசினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு பை நிறைய பப்பாளி. கண்ணாடியைப் பற்றி எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவர் எங்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கேர்ள், ரொம்ப நல்ல வீடு வாங்கியிருக்க. தெற்கு பார்த்த வாசல்! ஹோங் சுயி அருமை" என்றார்.

ஃபெங் சுயியை ஹொக்கியன் பேசும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் சிரித்துவிட்டேன். என் அம்மா எதைப் பார்த்துத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாரோ, அதைப் பார்த்து இவர் வாழ்த்துகிறார்.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் தண்ணீர். நான்காம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த குவோ பூ என்பவர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு நூலில்தான் இதன் அடிப்படை இருக்கிறது: உயிர்ச்சக்தியான "சி" காற்றில் சிதறும், தண்ணீர் உள்ள இடத்தில் தங்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு குன்று, முன்னால் நீர், இடமும் வலமும் அணைத்தாற்போல் மேடு. இதுதான் நல்ல இடம். பின்னால் இருப்பது ஆமை, இடப்புறம் டிராகன், வலப்புறம் புலி, முன்னால் செந்நிறப் பறவை. முன்புறம் என்பது தெற்கு. வடசீனாவின் குளிர்காலத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். எலும்பைத் துளைக்கும் காற்று வடக்கிலிருந்து வருகிறது. சூரியன் குளிர்காலம் முழுதும் தெற்கே தாழ்ந்து நிற்கிறது. தெற்கு வாசல் என்றால் கதகதப்பு. பெய்ஜிங்கில் 1420ல் கட்டி முடிக்கப்பட்ட பேரரசரின் அரண்மனையும் தெற்கைத்தான் பார்க்கிறது. திசைகாட்டிக்குச் சீன மொழியில் பெயரே "தெற்கைக் காட்டும் ஊசி". நாம் வடக்கு என்று படிக்கும் அதே ஊசி.

கண்ணாடியைப் பற்றி நான் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. என் கண் அங்கே போனதை ஆண்ட்டி கவனித்துவிட்டார். "அது உங்களுக்கு இல்ல. படிக்கு" என்றார். வாசலுக்கு எதிரே கீழ்நோக்கி இறங்கும் படி இருந்தால் வீட்டுச் செல்வம் அதன் வழியே உருண்டு ஓடிவிடுமாம். 1998 பொருளியல் நெருக்கடியில் அங்கிளுக்கு வேலை போயிற்று. பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளியில். ஆண்ட்டி ஒரு கடையில் அந்தக் கண்ணாடியை வாங்கிவந்து மாட்டினார். பதினோரு மாதம் கழித்து அங்கிளுக்கு வேலை கிடைத்தது. "கண்ணாடியாலயா?" என்று கேட்டேன். "தெரியாது. ஆனா அந்தப் பதினோரு மாசம் எனக்கு வேற என்ன செய்ய முடிஞ்சது?" என்றார்.

அவருடைய வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மூங்கில் திரையை இறக்கிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு எங்கள் பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வார். இங்கேதான் காற்று வரும்.

திசைகாட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கண்ணாடியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டார். தெற்கு மட்டும் தெற்காகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "போவோம்மா. அப்படியே பழைய ஊரில் எது எது எந்தத் திசையைப் பார்க்குதுன்னு பார்த்துட்டு வருவோம்" என்றேன். கைபேசியில் திசைகாட்டி இருக்கிறதே.

கோபுர வாசலில் நின்று கைபேசியைப் பிடித்தேன். ஊசி நேர்க்கிழக்கில் நிற்கவில்லை. தென்கிழக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. சாலை எப்படி ஓடுகிறதோ அதற்கேற்பத்தான் கோபுரம். "கிழக்குன்னே வச்சுக்க" என்றார் அம்மா.

1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் இது. ஆனால் இந்த இடம் முதலில் கொடுத்த இடமல்ல. இந்துக்களுக்கென்று முதலில் ஒதுக்கப்பட்ட நிலம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே பக்கத்தில் இல்லை என்பதால் அது ஒத்துவரவில்லை. 1823ல்தான் இந்த நிலம் கிடைத்தது. கோயில் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்ததில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னதும் அம்மா முதல்முறையாக ஆர்வமாகத் திரும்பினார். "சீனங்க சொல்றதும் அதானே?"

இரண்டு கடைவீட்டு வரிசை தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826ல் நிறுவியது. வாசலில் நிற்கும் இரண்டு எண்கோண மினாராக்களும் சாலையை நேராகப் பார்க்கின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் தொழுகைக்கூடம் மட்டும் திரும்பி நிற்கும். மக்காவின் திசை இங்கிருந்து மேற்கும் வடமேற்கும் கலந்தது. சாலைக்கு ஒரு முகம், இறைவனுக்கு ஒரு முகம். இத்தனை ஆண்டுகள் இந்த வழியாகப் போயிருக்கிறேன். கையில் திசைகாட்டி இல்லாததால் கவனிக்கவே இல்லை.

அங்கிருந்து ஆன் சியாங் குன்றின் மேலே ஏறினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நின்று நின்றுதான் போக முடிந்தது. மேலேயிருந்து படி இறங்கி அமோய் தெருவுக்கு வந்தால் எதிரே தியான் ஹொக் கெங் ஆலயத்தின் பின்சுவர். ஹொக்கியன் குடியேறிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நீண்ட சுவரோவியம் அதில் இருக்கிறது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனோம்.

1839க்கும் 1842க்கும் இடையில் கட்டிய ஆலயம். கடல் காக்கும் தாய் மாசுவுக்கு உரியது. முதுகுக்குப் பின்னால் நாங்கள் இறங்கிவந்த குன்று. எதிரே? தெருவும் அலுவலகக் கோபுரங்களும். ஆனால் தெலுக் ஆயர் என்ற மலாய்ப் பெயருக்கே "நீர் விரிகுடா" என்றுதான் பொருள். ஆலயம் கட்டியபோது இந்தத் தெருதான் கடற்கரை. அலை வாசல்வரை வந்ததாகச் சொல்வார்கள். 1880களில் கடலை நிரப்பினார்கள், பிறகும் நிரப்பினார்கள், இப்போது கடல் கண்ணுக்கே தெரியவில்லை. குன்று பின்னால், நீர் முன்னால் என்று நூல்படி அமைந்த இடம். நீர் நகர்ந்து போய்விட்டது. ஆலயம் இன்னும் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உயரமான வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும் என்று அம்மாவிடம் சொல்ல வாய் எடுத்தேன். அவர் ஏற்கெனவே குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டிவிட்டார்.

அதே வரிசையில் சில அடிகள் தள்ளி நாகூர் தர்கா. 1828லிருந்து 1830க்குள் எழுந்தது. மூலைகளில் சிறுசிறு மினாராக்களுடன் நாகூரை நினைவில் வைத்துக் கட்டிய கட்டடம். நாகூர் தர்காவுக்குக் கிழக்கே வங்கக் கடல். இங்கேயும் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது. பல வாரம் கப்பலில் கிடந்து கரையேறிய தமிழரும் ஹொக்கியனும் அடுத்தடுத்து நின்று, வந்த வழியைப் பார்த்தே வாசல் வைத்திருக்கிறார்கள். யார் சாத்திரத்தைப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு இரண்டாம் பட்சமாகத் தோன்றியது.

"எல்லாரும் கடலைத்தான் பார்த்துட்டு இருந்திருக்காங்க" என்றார் அம்மா. "ஊர்லேருந்து யாராச்சும் வருவாங்களான்னு."

செல்வம் சுற்றும் வளையம்

தெலுக் ஆயர் நிலையத்தில் ரயில் ஏறி மூன்றாவது நிறுத்தம் புரோமெனாட். சன்டெக் சிட்டியின் செல்வ நீரூற்றை அம்மா தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தார்.

பழைய சிங்கப்பூரில் திசை பார்த்தது கடலில் தப்பி வந்தவர்கள். புதிய சிங்கப்பூரில் பார்ப்பது பெரும் முதலீட்டாளர்கள். ஹாங்காங் தொழிலதிபர்கள் கூடிக் கட்டிய இந்த வளாகத்தில் ஐந்து கோபுரங்கள். நான்கு 45 மாடி, ஒன்று மட்டும் 18 மாடி. மேலிருந்து பார்த்தால் ஓர் இடது கை: நான்கு விரல், ஒரு கட்டைவிரல். உள்ளங்கையில் நீரூற்று. மற்ற நீரூற்றுகளில் நீர் வெளியே தெறிக்கும். இதில் வெண்கல வளையத்திலிருந்து உள்நோக்கி விழும். பணம் வெளியே போகாமல் கைக்குள் சேர வேண்டும் என்பது கணக்கு. 1998ல் உலகின் மிகப் பெரிய நீரூற்றாக கின்னஸில் இடம்பெற்றது. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த வளையத்தின் வடிவம் இந்து மண்டலத்தை அடிப்படையாகக் கொண்டது.

நாங்கள் போனது பெரிய வளையத்தின் நீரை நிறுத்திவிட்டு, நடுவில் சிறிய ஊற்றை மட்டும் தொட விடும் நேரம். வலக்கையால் நீரைத் தொட்டபடி மூன்று முறை சுற்றி வர வேண்டும். சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொண்டு சிரித்தபடி சுற்றினார்கள். அம்மா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், பிரகாரம் சுற்றுவதுபோல் மூன்று சுற்று வந்தார்.

கடைக்கு மேலே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தொலைவில் சிங்கப்பூர் ஃபிளையர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. 2008ல் அது திறந்த சில மாதங்களிலேயே, ஃபெங் சுயி வல்லுநர்களின் ஆலோசனைப்படி சுழலும் திசையையே மாற்றிய கதையைச் சொன்னேன். பையிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து அதிலுள்ள எண்கோணத்தைக் காட்டினேன். 1987ல் பெருவிரைவு ரயிலுக்காகப் பூமியைத் தோண்டியபோது தீவின் டிராகன் காயப்பட்டதென்றும், பரிகாரமாக ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் பாகுவா இருக்க வேண்டுமென்பதற்காக அதே ஆண்டு இந்த நாணயம் வந்ததென்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அதைச் சொல்லாத டாக்சி ஓட்டுநரை நான் பார்த்ததில்லை.

அம்மா நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாணயத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "திசை கிடக்கட்டும்மா. மக வீட்டுல போய் உக்காந்துக்கிட்டான்னு நாலு பேரு சொல்லுவாங்க. மாப்பிள்ளை ஒண்ணும் நினைக்க மாட்டார்னு நீ சொல்லுவே. அவர் வாயால சொன்னாரா?"

எட்டு மாதம் வீடு தேடினோம். வாசல், மூலை, மாடி எண், எல்லாம் பேசினோம். இதை ஒருவரும் பேசவில்லை. தெற்கு வாசல் பிடிக்கவில்லை என்று சொல்வது எளிது. மருமகன் வீட்டில் இருக்கக் கூச்சமாக இருக்கிறது என்று மகளிடம் எப்படிச் சொல்வது? படிக்கட்டில் செல்வம் உருண்டு போகிறது என்று சொல்வது ஆண்ட்டிக்கும் எளிதாக இருந்திருக்கும். கணவருக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பேன் என்று யாரிடம் சொல்வது?

நான் ஒன்றும் சொல்லாமல் கணவருக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். அவர் அம்மாவுக்கான அறையில் ஏணி மேல் நின்று சாயம் பூசிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் வெள்ளைப் பொட்டு. "அத்தே, மஞ்சளா, இளநீலமா? இவ சொல்ல மாட்டேங்கறா. நீங்கதானே இருக்கப் போறீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"மஞ்சள்" என்றார் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து.

எலுமிச்சையும் கண்ணாடியும்

அம்மா வந்த அன்றே வாசலில் மாவிலைத் தோரணம் ஏறியது. வெள்ளிக்கிழமை, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம் தொங்கியது. அக்கினி மூலை, ஈசானிய மூலை எல்லாம் சரிபார்த்து, அடுப்பை நகர்த்த முடியாது என்று தெரிந்ததும், சாமி மாடத்தை மட்டும் வடகிழக்குக்கு மாற்றினார். எங்களுக்கும் சம்மதம்.

மறுவாரம் ஆண்ட்டி கதவைத் தட்டினார். வழக்கமான சிரிப்பு இல்லை. என்னைத் தனியாக ஓரமாக அழைத்தார். "கேர்ள், அந்த எலுமிச்சம்பழம்... அது எங்க வீட்டுக்கா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவர் கண்ணாடி எங்களைப் பார்க்கிறது என்று நாங்கள் பயந்தோம். எங்கள் எலுமிச்சை அவரைப் பார்க்கிறது என்று அவர் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டார். நான் விளக்க வாய் திறப்பதற்குள் அம்மா மலாயில் ஆரம்பித்தார். பள்ளிக்கூட மலாய் அல்ல. அந்தக் காலத்துச் சந்தை மலாய். அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவர். ஆண்ட்டி இயோ சூ காங் கம்பத்தில் பன்றி வளர்த்த குடும்பத்துப் பெண். என் தலைமுறையும் ஆண்ட்டியின் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். இவர்கள் இருவருக்கும் இருந்த மொழி நாற்பது ஆண்டுகளாக யாரும் கேட்காததால் உள்ளேயே கிடந்திருக்கிறது. பாதி வார்த்தை, பாதி கை. கண்ணைக் காட்டி, எலுமிச்சையைக் காட்டி, பிறகு தம் நெஞ்சைத் தொட்டு, அது பிறர் கண் எங்கள்மேல் படாமல் இருக்கத்தான், உங்கள்மேல் ஏவுவதற்கு அல்ல என்று அம்மா விளக்கினார். ஆண்ட்டி தம் கண்ணாடியைக் காட்டி, படியைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டார். "தக் அப்பா, தக் அப்பா" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். பரவாயில்லை, பரவாயில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிடட்டுமா என்று ஆண்ட்டி கேட்டார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். "இருபத்தஞ்சு வருஷமா அவங்க வீட்டைக் காத்த கண்ணாடி. நாம வந்து கழட்டச் சொல்றதா?" என்று என்னிடம் தமிழில் சொன்னார். கண்ணாடி அங்கேயே இருக்கிறது. எலுமிச்சையும் இருக்கிறது. மாற்றம் ஒன்றுதான்: மூன்று மணிக்குத் தாழ்வாரத்தில் இப்போது இரண்டு முக்காலிகள்.

தெற்கே யார் இருக்கிறார்கள்

ஆண்ட்டி பேசிக்கொண்டிருந்தபோது ஒருமுறை சொன்னார், ஹோங் சுயி முதலில் வீட்டுக்கு வந்ததல்ல, கல்லறைக்கு வந்தது என்று. அது உண்மைதான். குவோ பூவின் பெயரில் உள்ள அந்த நூலே அடக்கம் செய்யும் முறை பற்றியதுதான். 1922ல் திறந்த புக்கிட் பிரவுன் இடுகாட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருக்கிறேன். கல்லறைகள் வரிசையாக அல்லாமல், குன்றின் சரிவுக்கேற்ப ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முதுகில் மண்மேடு. சில கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். போனவர்கள் வசதியாக இருந்தால் இருப்பவர்களும் நன்றாக இருப்பார்கள் என்பது நம்பிக்கை. ஏழாம் மாதத்தில் ஆண்ட்டி கீழே உள்ள தொட்டியில் காகிதம் எரிப்பதும் அதற்காகத்தான்.

ஆடி அமாவாசை வந்தது. அம்மா விடியலிலேயே குளித்து, அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் பாயசமும் செய்து இலையில் படைத்தார். முன்பு அங் மோ கியோ வீட்டில் இதைச் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று செய்வார். முன்னோர்க்குச் செய்யும்போது தெற்குப் பார்க்க வேண்டும். அங்கே தெற்கே சுவர்தான் இருந்தது.

அன்று கூடத்தில் நின்று, தெற்கே திரும்பினார். எதிரே திறந்த வாசல். தோரணம் காற்றில் அசைந்தது. தாழ்வாரத்தைத் தாண்டி வானம். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, கையைக் கூப்பியபடி அம்மா அப்படியே வெகுநேரம் நின்றார். வள்ளுவர் முன்னோரைத் தென்புலத்தார் என்று சொல்வது எனக்குப் பள்ளியில் படித்த பாடமாகத்தான் அதுவரை இருந்தது.

படைத்து முடிந்ததும் வழக்கம்போல் நான் கதவைச் சாத்தப் போனேன்.

"இருக்கட்டும், சாத்தாதே" என்றார் அம்மா. "அப்பா இப்பத்தானே வந்தார்."